நடுவில் நின்ற முள்

பழைய கார் வாங்க வருகிறவர்கள் பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள். கதவை இரண்டு முறை அடித்துச் சாத்துவார்கள். டயரை உதைப்பார்கள். எதற்காக உதைக்கிறார்கள் என்பது இருபத்திரண்டு வருடத் தொழிலில் எனக்கு விளங்கவே இல்லை. நான் முதலில் எஞ்சின் மேல் கையை வைப்பேன். விற்கிறவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

கெனெஷ் கொண்டுவந்த ஜெர்மன் காரின் எஞ்சின் சூடாக இருந்தது.

கெனெஷ் என் தங்கை பெர்மெட்டின் கணவன். பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவன். பிப்ரவரி மூன்றாம் தேதி காலை, பிஷ்கெக் கார்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான். "மச்சான், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கண்ண மூடிக்கிட்டு வாங்கிடுறேன்" என்றான். எஞ்சின் ஆறட்டும் என்று அவனை எதிர்க்கடைக்கு டீ குடிக்க அனுப்பினேன்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கோட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே இருந்தது. வண்டிக்கு அடியில் ஈரமில்லை. ரேடியேட்டரில் கசிவில்லை. உள்ளே கால்மிதி காய்ந்து கிடந்தது. வெளியே ஒழுகாமல் கூலன்ட் குறைகிறது என்றால் அதை எஞ்சின் குடிக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்தேன். மேல் குழாய் சூடாவதற்கு முன்பே கல் மாதிரி இறுகியது. ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாக வந்தது. சைலென்சர் புகை வெள்ளையாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தது. சோதனைக் குழாயில் இருந்த நீல மருந்து ஒரு நிமிடத்தில் மஞ்சளானது. எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கெனெஷ் திரும்பி வந்தான். "என்ன மச்சான், உசுரோட இருக்கா?"

"நல்லா இருக்கு மாப்ள. தண்ணிதான் கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு, ஊத்திட்டேன்."

போன விசாரணையில் உங்களிடம் இதுவரைதான் சொன்னேன். அது பொய்யில்லை. குறைந்திருந்தது, ஊற்றினேன்.

இப்போது உங்கள் நிபுணர் வயரைப் பிரித்துப் பார்த்துவிட்டார் என்பதால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி அவன் கைக்கு வந்த மறுநாள், ஆயில் மாற்றித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஆயிலை மாற்றினேன். ஓட்டையடைக்கும் மருந்தை ரேடியேட்டரில் ஊற்றினேன். ஊருக்குள் ஓட்டுகிறவரை அது தாங்கும், மலை ஏறினால் தாங்காது. பிறகு சூடு காட்டும் முள்ளுக்குப் போகும் வயரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். எஞ்சின் உருகினாலும் முள் நடுவிலேயே நிற்கும். சுத்தமான வேலை. உங்கள் நிபுணர் கண்டுபிடிக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

போன அக்டோபரில் எங்கள் அப்பாவின் ஆண்டு நினைவு விருந்து. அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு கெனெஷின் சித்தப்பா காரைப் பார்த்து, கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் வேறொருவனிடம் போனார். அவன் ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றினான், வண்டி சரியாகிவிட்டது. யாருக்கும் ஒரு முறை தவறும். கெனெஷ் அதைக் கறித்தட்டுக்கு நடுவே எடுத்துப் போட்டான்.

"நம்ம மெலிஸ் மச்சான் கையில நல்ல வண்டி ஒன்னக் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள அதுக்கு ஜன்னி கண்டுடும்."

அறுபது பேரும் சிரித்தார்கள். அப்பாவின் படம் சுவரில் இருந்தது. டீ ஊற்றிக்கொண்டிருந்த பெர்மெட் முகத்தை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "கோவிச்சுக்காதண்ணே, உண்மையத்தானே சொல்றாரு" என்றாள். நான் கோபப்படவில்லை. எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை டீயில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மலைகளுக்கு அப்பால் அவன் அப்பா இருக்கும் தலாஸுக்கு அவன் தனியாகத்தான் போவான் என்று நினைத்தேன். நடுவழியில் எஞ்சின் இறுகி, குளிரில் கொஞ்சம் நடந்தால் வாய் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். அந்த வழியில் இருக்கும் இரண்டு மலைக்கும் இடையே பிப்ரவரியில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

பதினோராம் தேதி, அவன் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இருவரும் கிளம்பினார்கள். இரண்டாவது மலையான ஓட்மோக் ஏற்றத்தில் பனிப்புயலுக்கு நடுவே வண்டி நின்றது. கெனெஷ் உதவி தேடி நடந்தான். காலையில் பனி அள்ளும் வண்டிக்காரர்கள் அவனைச் சாலையோரத்தில் எடுத்தார்கள். எட்டு விரல் போயிற்று, உயிர் இருந்தது. காருக்குள் இருந்த பெர்மெட்டுக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட இரண்டு கையையும் என் மடியில் வைத்து அழுதான்.

"முள்ளு நடுவுலயேதான் இருந்துச்சு மச்சான். சத்தியமா நான் பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன்."

"நீ சரியாப் பாத்திருக்கமாட்ட மாப்ள" என்றேன். "புயல்ல யாரு முள்ளப் பாப்பாங்க."

சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். தன்மேல்தான் தவறு என்று இன்றுவரை நம்புகிறான். நீங்கள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

அன்று மாலை எனக்கு வந்த நான்கு நிமிட போன் பேச்சு பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மலைக்கும் நடுவே இருக்கும் சூசமீர் பெட்ரோல் பங்கிலிருந்து பெர்மெட் பேசினாள். கெனெஷ் பெட்ரோல் போட இறங்கியிருந்தான்.

"அண்ணே, ஹீட்டர்ல குளிர் காத்துதான் வருது. முள்ளு என்னமோ நடுவுலதான் நிக்குது. எனக்கென்னமோ பயமா இருக்கு. இங்க உள்ள அடுப்பு எரியுது, ராத்திரி தங்கிக்கிறீங்களான்னு கேக்குறாங்க. அவரு போயிடலாம்ங்கறாரு. நீ என்ன சொல்ற? நீ சொன்னா நின்னுடுறோம்."

ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் உள்ளே கூலன்ட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து ஓட்மோக் உச்சிவரை அந்த எஞ்சின் போகாது. அவளும் வண்டியில்தான் இருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. நினைவு விருந்தில் அவள் தோள் குலுங்கியது ஞாபகம் வந்தது.

"உயரத்துல அப்படித்தான்மா இருக்கும்" என்றேன். "முள்ளு நடுவுல இருந்தா ஒன்னும் ஆவாது. இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க. கம்பளிச் சால்வைய நல்லாப் போத்திக்கோ."

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளை எடுக்கும்போது சால்வையைக் கழுத்துவரை போர்த்தியிருந்தாளாம். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அவள் என் பேச்சைத் தட்டாதவள்.