முன்பக்கம் முப்பத்திரண்டு

இல்லை சார், அது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு. உங்கள் கையில் இருப்பது முதல் முப்பத்திரண்டு பக்கம் மட்டும். பிளேடால் அறுத்து, ஓரத்தில் நூல் போட்டுத் தைத்தது நான்தான். ஏட்டையா அதைப் பார்த்துவிட்டுத் தையல்காரன் வேலை என்றார். அப்படியில்லை. பொறுமையாகச் செய்தால் யாருக்கும் வரும்.

என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சங்கரலிங்கம், வயது இருபத்து நான்கு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை நிமிடம் பிந்தி வந்தார்கள் என்று குறித்துவைப்பது என் வேலை. அதில் இதுவரை ஒருவரும் என்மேல் குறை சொன்னதில்லை.

மைக்கேலை ஏன் அடித்தார்கள் என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்று மூன்றில், எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. அதில் வெள்ளைக்காரப் பயில்வான்கள் ஒருவரை ஒருவர் தூக்கி எறிவதை ஊரே பார்த்தது. நான் பார்த்தது வேறு. எறிவதற்கு முன்னால் அவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவார்களே, சவால், அதை. எனக்கு மொழிபெயர்ப்பு நாவல்கள் படிக்கிற பழக்கம் உண்டு. அவற்றில் ஒருவன் அவமானப்பட்டால் விடியற்காலைப் பனியில் துப்பாக்கியோடு எதிராளியின் முன்னால் போய் நிற்பான். நம் ஊரில் ஒருவனை அவமானப்படுத்திவிட்டு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று நினைத்தேன்.

ஐந்து பேர் சேர்ந்தோம். எல்லோரும் நூலகத்தில் பழக்கமானவர்கள். ஆளுக்கொரு பயில்வானைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். நான் சைபீரிய ஓநாய். மைக்கேல் கருங்கழுகு. தவசிமுத்து இரும்பு இடி. ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்த பரிபூரணம் என்ற பெண் கண்ணாடி ராணி. ஐந்தாமவர் தபால்காரர் பால்சாமி. அவர் மூன்று மாதத்தில் நின்றுவிட்டார். ஒரு நோட்டு, வாரம் ஒருவர் கையில். அவரவர் பயில்வானாகவே மாறி எதிராளிக்குச் சவால் எழுத வேண்டும். யார் எழுத்து வலுவோ அவர் ஜெயிப்பார். தீர்ப்பும் சண்டை வர்ணனையும் என் பொறுப்பு, தனித்தாளில் எழுதி நோட்டுக்குள் செருகிவைப்பேன். தேதியும் இடமும் குறிப்பதும் நான்தான். உறைந்த ஏரி, இடிந்த கோட்டை என்று ஏதாவது போடுவேன்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக வைத்தேன். எதிராளியை அவருடைய சொந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கற்பனைப் பெயரைத் திட்டுவது எளிது. கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவனைப் பெயர் சொல்லித் திட்டினால்தான் எழுத்தில் சூடு இருக்கும். அந்த விதியை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் நோட்டில் மைக்கேல் எனக்கு எழுதிய சவால் மூன்று பக்கம். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் இருக்கிறான், ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை. அவனுக்குள் அப்படி ஒரு எழுத்து இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. படித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் எனக்கு ஓர் எதிரி கிடைத்துவிட்டான் என்று அவ்வளவு சந்தோஷம்.

பின்பக்கத்தை ஆரம்பித்துவைத்தது தவசிமுத்து. நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில், "மைக்கேலு, காய்ச்சல் எப்படிலே இருக்கு?" என்று எழுதினான். மைக்கேல் அதற்குக் கீழே, "பரவால்ல மச்சான், கஞ்சிதான் இறங்கமாட்டேங்கு" என்று எழுதினான். பரிபூரணம் ஒரு கஷாயம் சொன்னாள். நான் சிவப்பு மையில், "இது களம், ஆஸ்பத்திரி அல்ல" என்று எழுதினேன். அதற்குக் கீழே மூன்று பேரும் சிரித்து வைத்திருந்தார்கள்.

அது ஒரு வாரத்தோடு நிற்கும் என்று நினைத்தேன். இரண்டாவது நோட்டில் முன்பக்கம் எழுபது, பின்பக்கம் எண்பது. கிரிக்கெட், சினிமா, தளவாய்புரத்தில் தவசிமுத்துவும் அவன் அண்ணனும் நடத்துகிற நைட்டி யூனிட்டில் எந்த மெஷின் ரிப்பேர், பரிபூரணத்தைப் பெண் பார்க்க வந்தவன் எத்தனை வடை தின்றான். மூன்றாவது நோட்டின் முன்பக்கம்தான் உங்கள் கையில் இருப்பது. முன்னால் முப்பத்திரண்டு. பின்னால் நூற்று நாற்பது. நடுவில் இருபது பக்கம்தான் வெறுமை.

நான் கோபப்படவில்லை சார். முறையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலக வாசலில் எல்லோரும் இருந்தபோது கணக்கெடுத்து எழுதிய தாளைக் காட்டினேன்.

"ஏலே ஓநாயி," என்றான் தவசிமுத்து, "இந்த வெயில்ல ரோமத்தோட எப்படிலே அலையுத? செத்த நேரம் கழட்டி வையி."

"அண்ணனுக்கு ஒரு ஐஸ் வண்டிய வரச் சொல்லுங்க," என்றாள் பரிபூரணம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்கிடாதீங்கண்ணே. பின்னால ரெண்டு வரி எழுதுனா என்ன கொறஞ்சா போவுது? நீங்களும் எழுதுங்களேன்," என்றாள்.

"நூறு பக்கம் ரெண்டு வரியா?" என்று கேட்டேன்.

"சும்மா கெடங்கலே ரெண்டு பேரும்," என்றான் மைக்கேல். "அவன் எம்புட்டு உழைக்கான். சங்கரலிங்கம், நான் எழுதுதேன்லே. இந்த வாரம் கண்டிப்பா."

எழுதவில்லை. போனஸ் பேச்சுவார்த்தை பற்றிப் பின்னால் ஆறு பக்கம் எழுதியிருந்தான். நல்ல நடை. அந்த நடையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒருவனுக்குத் திறமை இல்லையென்றால் விட்டுவிடலாம்.

என் அம்மா இறந்ததையும் சொல்கிறேன், நீங்கள் யாரிடமாவது கேட்டால் அவர்கள் சொல்வார்கள். போன ஆவணியில். அந்த வாரம் நோட்டு என்னிடம் வந்தபோது பின்பக்கத்தில் எட்டுப் பக்கம் அம்மாவைப் பற்றி இருந்தது. அம்மா போட்ட சுக்குக்காப்பியைப் பற்றித் தவசிமுத்து எழுதியிருந்தான். தன் அம்மா ஏசம்மாள் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றியதை மைக்கேல் எழுதியிருந்தான். முன்பக்கத்தில் ஒரு வரி இல்லை. ஓநாயின் தாய் இறந்துவிட்டாள் என்று எதிராளி ஒருவன் களத்தில் தலைகுனிந்து நின்றிருந்தால் அது எப்பேர்ப்பட்ட பக்கமாக இருந்திருக்கும். எட்டுப் பக்கத்தையும் கறுப்பு மை ஊற்றி அழித்தேன். இடம் தவறி எழுதியது என்பதால்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கேல் தானே வீட்டுக்கு வந்து நோட்டைக் கொடுத்தான். "உனக்காக ஒண்ணு எழுதியிருக்கேன்லே. முன்னாலதான். படிச்சுப் பாரு, கதிகலங்கிருவ," என்றான். சிரித்துக்கொண்டே போனான்.

அவன் போனதும் படித்தேன். முப்பத்திரண்டாம் பக்கம், நீங்கள் மடித்து வைத்திருப்பது. "தவசிமுத்து, நீ எந்தப் பாதையில் போனாலும் உன் நிழலுக்கு முன்னால் நான் நிற்பேன். உன் தொடை எலும்பு முறியும் சத்தம் தளவாய்புரம் வரைக்கும் கேட்கும். உன் அண்ணன் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும். இப்படிக்கு கருங்கழுகு." எழுந்து நின்று இன்னொரு தடவை படித்தேன். இரண்டு வருடம் கழித்து அவன் திரும்பி வந்துவிட்டான்.

பிறகு நோட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் கடைசிப் பேச்சைத் தொடங்கியதும் அவன்தான். "நோட்டு முடியப் போவுது. அடுத்த நோட்டுல சண்டையே வேண்டாம், பேச்சு மட்டும் வச்சுக்கிடுவோம். எல்லாரும் சரியா?" கீழே பரிபூரணம் சரி, தவசி சரி. அதற்கும் கீழே தவசிமுத்துவுக்கு மைக்கேல் தனியாக எழுதி, அவனும் வாரேன் என்று குறித்திருந்தான். "சங்கரலிங்கம்கிட்ட நான் பக்குவமா பேசிக்கிடுதேன். அதுக்கு முன்னால அவனுக்காக நாம ரெண்டு பேரும் ஒரு பெரிய சண்டை போட்ருவோம். செவ்வாக்கிழம வீட்டுக்கு வா, உக்காந்து எழுதுவோம். பாவம், நம்ம பய."

பாவம் என்று எழுதியிருந்தான் சார். அந்த மூன்று எழுத்தையும் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எதிரி எனக்கு எழுத வேண்டிய வார்த்தை அதுவல்ல.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தவசிமுத்து மொபெட்டில் மைக்கேல் வீட்டுக்குப் போகும்போது மடவார் வளாகம் வளைவில் ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. தொடை எலும்பு முறிந்து, தலையில் அடிபட்டு, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. நேற்று அவன் கண் விழித்து லாரி என்று உங்களிடம் சொன்னது சரிதான். அவன் விழிக்க ஐந்து நாள் ஆகும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

புதன்கிழமை மில்லில் செய்தி கேள்விப்பட்டேன். தொடை எலும்பு என்றார்கள். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். சேராத பக்கங்களை நீக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதைச் செய்தேன். முதலில் அறுத்தேன், பிறகு தைத்தேன். அரட்டை இல்லாமல், என் சிவப்பு மைக் குறிப்புகளோ தீர்ப்போ எதுவும் இல்லாமல், முப்பத்திரண்டு பக்கமும் ஒரே மூச்சில் படிக்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. விளையாட்டு என்பதற்கு ஓர் அடையாளம் இல்லை. ஒவ்வொரு வரியும் நிஜமாகிவிட்டது. நான் முதலிலிருந்தே கேட்டது இதைத்தான்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் தவசிமுத்துவின் அண்ணன் பேச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் தாடி.

"ஏலே, நீயும் அவன் கூட்டாளிதான? எவன்லே செஞ்சிருப்பான்?" என்றார்.

"தெரியலண்ணே. இத நீங்க ஒருதரம் பாக்கணும்னு தோணுச்சு."

விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். உன் அண்ணன் வந்து என்ற இடத்தில் விரல் நின்றது.

"இது யாரு எழுத்து?"

"மைக்கேல்."

"கருங்கழுகுன்னா?"

"அவன் வச்சிருக்க பட்டப்பேரு."

"வீடு எங்க?"

சொன்னேன். கேட்டதற்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். ஒரு பொய் கிடையாது.

அவர் மூன்று பேரோடு போனார் என்பதும், இரும்புக் கம்பி என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஏசம்மாள் கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக்காட்டினீர்கள் அல்லவா. கதவைத் தட்டியதும் மைக்கேல் ஓடி வந்து, "வாங்கண்ணே, தவசி கண்ணு முழிச்சிட்டானா? இப்பத்தான் ஆஸ்பத்திரிக்கு வரலாம்னு சட்டைய மாட்டுதேன்," என்றானாம். நான்கு பேர் கம்பியோடு நிற்கிறார்கள். அப்போதும் அவனுக்கு அரட்டைதான்.

பின்பக்கங்களா? அவை கிடைக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளத்தாய் என்று ஒரு அம்மா கடலை விற்கிறாள். அவளிடம் சும்மா கொடுத்துவிட்டேன். கொடுத்து ஐந்து நாள் ஆகிறது. பொட்டலம் பொட்டலமாகப் போயிருக்கும்.

நீங்கள் மறுபடியும் முப்பத்திரண்டாம் பக்கத்தையே காட்டுகிறீர்கள். கடைசி வரி. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மடவார் வளாகம் வளைவில்." மை வேறு என்கிறீர்கள். ஆமாம், அது என் பேனா. கையெழுத்து மைக்கேலுடையது மாதிரி இருக்கிறது என்றால், இரண்டு வருடம் அவன் எழுத்தையே படித்தவன் நான். போட்டிக்குத் தேதியும் இடமும் குறிப்பது என் பொறுப்பு என்று சொன்னேன் அல்லவா. புதன்கிழமைதான் குறித்தேன். நடந்த பிறகு. பேச்சிமுத்து அதைப் படித்தால் என்ன செய்வார் என்று தெரிந்துதான் குறித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தவசிமுத்து மைக்கேலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். அண்ணன் உங்கள் லாக்கப்பில் இருப்பதையும் அவனிடம் யாரும் சொல்லவில்லையாம். பரிபூரணம் சனிக்கிழமை மில் வாசலில் என்னைப் பார்த்தாள். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அவள் பேசாமல் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மைக்கேலை மதுரையில் சேர்த்திருக்கிறார்கள், இன்னும் கண் திறக்கவில்லை, வலது கையில் விரல்கள் தேறுவது சந்தேகம் என்று ஏட்டையா சொன்னார். நீங்கள் நாளைக்கு அங்கே போவதாகவும் சொன்னார். அவன் விழித்தால் உங்களிடம் பேசுவான், எல்லோரிடமும் பேசுகிறவன்தான். நான் புது நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சவால் எல்லாம் வேண்டாம். இடது கையால் கோணல்மாணலாக இருந்தாலும் போதும். பின்பக்கத்திலேயே எழுதட்டும், சங்கரலிங்கம் எப்படிலே இருக்க என்று ஒரே ஒரு வரி. அவனிடம் கேட்டுப் பார்ப்பீர்களா சார்?