விடியலில் வாடியிருந்தால்தான் தாகம்

இந்த அலுவலக வாசலில் இருக்கும் குரோட்டன்ஸுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்களோ, அவரை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். தொட்டிக்கு அடியில் தேங்கி நிற்கிறது, வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. ஊற்றுகிறவர் அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டிருப்பார். குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்று போனில் பேசுவதற்கு அக்கறை எதற்கு, மூளையே தேவையில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வீடுகளுக்குத் தோட்டம் போட்டுத் தருகிறேன். மழை பொய்த்தாலும் சாகாத தோட்டம். இந்த மண்ணில் தானாக முளைக்கிற ஆவாரை, நொச்சி, கற்றாழை. அடியில் சொட்டுநீர்க் குழாய், அதன்மேல் ஈரம் காக்கச் சருகும் மரச்சீவலும் பரப்பிய மூடாக்கு. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மண்டூகங்கள். நட்ட மறுவாரமே போன் போட்டு, செடி தலையைத் தொங்கப்போட்டுவிட்டது, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா என்று மூக்கால் அழுவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். மதியத்தில் வாடினால் அது நடிப்பு. விடியலிலும் வாடியிருந்தால்தான் தாகம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். தண்ணீர் விடும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் செடி வேறு வழியில்லாமல் வேரை ஆழத்துக்கு இறக்கும். அதற்குப் பிறகு யார் கையையும் எதிர்பார்க்காது. செடியைப் பழக்குவது என்று இதைச் சொல்வோம்.

அக்காவின் கணவர், என் அத்தான், புல்தரை வைத்திருந்தார். தெருவே தண்ணீர் லாரிக்கு வாளியோடு வரிசையில் நிற்கும்போது இவர் உச்சி வெயிலில் தெளிப்பானைச் சுழலவிட்டு, பனியனோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பாதி வெயிலில் ஆவியாகப் போகும், மீதி வாசல் சிமெண்டில் ஓடும். நான் அவர் வீட்டு மாடி அறையில் ஓசியில் இருந்தவன். வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"மாப்ள, உன் முள்ளுச்செடிக்கும் உனக்கும் ஒரே பொருத்தம். யாரும் சீந்த மாட்டாங்க, ஆனா செத்தும் தொலைக்க மாட்டீங்க."

விருந்தாளிகள் இருக்கும்போதுதான் இதைச் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்தப் புல்தரையில்தான் பக்கவாதம் வந்து விழுந்தார். ஒரு பக்கம் முழுதும் போனது. பேச்சு குழறியது, விழுங்குவதும் சிரமம். வெறும் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடுமாம். மாவு கலந்து கெட்டியாக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்ட வேண்டும். அக்கா அதைப் பொறுமையாகச் செய்தாள். அவளுக்குச் செய்வதற்கு எப்போதும் ஏதாவது வேண்டும். பிறகு வெளியூரில் அவள் மகளுக்குப் பிரசவத்தில் சிக்கலாகி, அவள் கிளம்ப வேண்டியதாயிற்று.

வாசலில் பெட்டியோடு நின்று, "அவருக்கு அடிக்கடி தண்ணி குடுடா. கேக்காட்டியும் குடு. உன்ன நம்பித்தான் போறேன்" என்றாள். சரி என்றேன்.

முதலில் அவள் சொன்னபடிதான் செய்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனிதர் வாயைத் திறந்தபடியே கிடப்பார். நல்ல கையில் ஒரு மணி வைத்திருந்தார். வைத்த ஸ்பூன் காய்வதற்குள் அடுத்த மணி. பாதி தாடையில் வழியும், துடைத்துவிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. இந்த மனிதர் தன் புல்லைப் போலவே வளர்ந்தவர். மேலோட்டமான வேர், எந்நேரமும் அடுத்தவர் கை. அந்த வாரமே புல்தரையை வெட்டியெடுத்துவிட்டு நொச்சி நட்டேன். ஜன்னல் வழியாக அவருக்கு எல்லாம் தெரியும். ஏதோ குழறினார். வசவாகத்தான் இருக்கும்.

இடைவெளியைக் கூட்டத் தொடங்கினேன். மணியை எடுத்து அலமாரிமேல் வைத்தேன். மதியத்தில் சத்தம் போடுவார், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. விடிந்ததும் நானே போய்ப் பார்ப்பேன். மோசமாகத் தெரிந்தால் சில ஸ்பூன்கள் கொடுப்பேன். என் தொழிலில் எப்படியோ அப்படியே.

படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைக்க ஒரு நர்ஸம்மா வந்துபோவார். ஒருநாள் அத்தான் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "நாக்கு ஏன் இப்படிக் காஞ்சு கெடக்கு? தண்ணி போகுதா?" என்று கேட்டார்.

நான் வாயெடுக்குமுன் அத்தான், "இல்ல" என்றார். குழறல்தான், ஆனால் புரிந்தது.

"இப்ப அவருக்கு வர்றது அந்த ஒரு வார்த்தைதான் சிஸ்டர். எதக் கேட்டாலும் இல்லம்பாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றேன்.

"வலி இருக்காய்யா?" என்று கேட்டார்.

"இல்ல."

அது உண்மையான பதில். மரத்துப்போன பக்கத்தில்தான் புண். ஆனால் அந்த அம்மாள் சிரித்துவிட்டு அவர் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். படித்து, சீருடை போட்டு, வேலையைக் கவனிக்காமல் சிரிக்கிற ஆள். அத்தான் அவர் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டார். விரல்களை நான்தான் பிரித்துவிட்டேன். இனி மருந்தை நானே வைத்துக்கொள்கிறேன் என்றதும், ஒரு வீடு குறைந்த சந்தோஷத்தில் போய்விட்டார்.

அக்கா வீடியோவில் கூப்பிடுவாள். அதற்கு முன் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்து, உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவுவேன். அவர் அந்த ஈரத்துணியைப் பல்லால் கவ்வப் பார்ப்பார், பிடுங்கிக்கொள்வேன்.

"முகத்துல ஒரு தெளிவு வந்திருக்குடா. தண்ணி நல்லா குடிக்கிறாரா?"

"குடிக்கிறாருக்கா."

இருபது வருஷத்துக்கு மேல் கூடக் குடித்தனம் நடத்தியவள். புருஷன் கண்ணைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் துப்பில்லாதவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கடைசி நாள் விடியலில் போனபோது அவர் சத்தம் போடவில்லை. வாயைத் திறக்கவில்லை. கண் அரைவாசி மூடியிருந்தது. ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனேன், தண்ணீர் கேட்கவே இல்லை. பழகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், மண் அடைத்துக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி ஊதிச் சரிசெய்தேன். நொச்சி துளிர் விட்டிருந்தது. திரும்பி வந்தபோது அத்தான் ஆறிக்கிடந்தார்.

சான்றிதழ் கொடுக்க வந்த டாக்டர் அவர் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாக அப்படியே நின்றது. அப்புறம்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் போனது.

மனிதனுக்கு ஏதடா வேர் என்று நீங்கள் கேட்க நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. எனக்கும் தெரியும். நான் கிறுக்கன் இல்லை. எந்தச் செடியிலும் எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன். இவரிடமும் அந்த அளவு வந்தது, பார்த்தேன். அந்த விடியலுக்கு முன்பே சில விடியல்களில் வாடித்தான் இருந்தார். நான் நிறுத்தவில்லை. தண்ணீர் கொடுக்காமல் அவரைச் சாகவிட்டது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும். அக்கா வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று வெளியே உங்கள் ஆட்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. யாரும் போய் அவளைக் கெஞ்ச வேண்டாம். வேலையைச் சீக்கிரம் முடித்து என்னை அனுப்புங்கள், பாவம், அவளைப் பார்த்துக்கொள்ள இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.