மன்னிப்புக் கேட்ட மணி

அவை நிறைந்த அன்பர்களே! பித்தளை மணியொன்றைப் பிடித்து வந்து, பிள்ளை முன் நிறுத்தி, மன்னிப்புக் கேட்க வைத்த மாதரசி மண்ணுலகில் ஒருவரே உண்டு. அவரே இன்று பணி நிறைவு காணும் எங்கள் பள்ளி ஆலோசகர் அம்மையார்! நம்பாதவர் எழுந்து நிற்கலாம். கணக்கு ஆசிரியர் எப்படியும் நிற்பார்.

காண்பதெல்லாம் கேள்வி, கேட்பதெல்லாம் 'ஏன்'! பிள்ளையொன்று சுவரை நக்கினால் நாம் முகம் சுளிப்போம். அம்மையாரோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாமும் நக்கி, "சுண்ணாம்பு சுமார்தான்" என்று தீர்ப்பும் வழங்குவார்!

ஆட்டிசம் உள்ள சிறுமி ஒருத்தி, எங்களுக்கு மின்மினி. மணியடித்தால் வாசல் தாண்டி ஓடுவாள். வெளியே வண்டிகள் பறக்கும் சாலை. காதடைப்பான் மாட்டினோம், கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். இன்னொரு முறை ஓடினால் வேறு பள்ளி பாருங்கள் என்றது நிர்வாகம்.

அம்மையார் அவளோடு மேசைக்கு அடியில் குடியேறினார். அந்த மேசை ஒரு வாரம் அவர் தலையில் மகுடமாகவே திரிந்தது!

"மணி என்ன பண்ணுச்சு, கண்ணு?"

"சொல்லாம கத்துது."

ஆகா! சத்தமன்று, சொல்லாமல் வருவதே சங்கடம்! அக்கணமே அம்மையார் சொல்ல, ஊழியர் அண்ணன் மணியை இறக்கினார். கணக்கு ஆசிரியர் குதித்தார்.

"என்னம்மா இது? மணிக்கு லீவு லெட்டர் யார் குடுப்பா?"

"நீங்கதான் சார். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமே!"

மேசைக்கடியில் மணி வந்து அமர்ந்தது. மின்மினி முறைத்தாள். "சாரி சொல்லு." அடுத்து என்ன ஆகுமென்று அம்மையாருக்கே தெரியாது, ஆவல் மேலிட மூச்சடக்கிக் காத்திருந்தார். மின்மினி நகத்தால் மணியைச் சுண்டினாள்.

டிங்.

"ம். சரி."

அன்று தொட்டு எங்கள் பள்ளியில் முதலில் மெல்ல ஒரு தட்டு, மூச்சுவிட அவகாசம், அப்புறமே முழு மணி. மின்மினி ஓடவில்லை. இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள்!

எந்த மேசைக்கு அடியிலும் புகுந்து, பிறர் கை பிடிக்காமல் எழும் முழங்கால்களோடும், விடை தீர்ந்தாலும் தீராத வினாக்களோடும் அம்மையார் நூறாண்டு வாழ்க!

அன்பு மாறா
ஆசிரியர்கள், ஊழியர்கள்
(எழுதியவர்: சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்)

இந்த வாழ்த்து மடலின் அடியில், முத்து முத்தான கையெழுத்தில், கணக்கு ஆசிரியர்:

"சுவர், மகுடம் எல்லாம் புளுகு. மணி மட்டும் உண்மை. கதவுக்கு வெளியே நின்று நானும் கேட்டேன்."