மஞ்சளாகாத தண்ணீர்

தேநீர் குடிக்காமல் எனக்குக் காலையில் வாய் திறக்காது. வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி ஐயா. சொல்கிறேன்.

இருபத்தாறு வருடமாகக் குடிநீர் நிலையத்தில் மருந்து கலக்குபவன் நான். ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் விட்டால் சேறு கீழே இறங்கிவிடும். அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. கிருமியைக் கொல்கிற குளோரின் மூக்குக்கு மட்டுந்தான் தெரியும். அதனால் கெட்ட பெயரும் அதற்குத்தான்.

தம்பி புது வீட்டில் விருந்து வைத்தான். அவன் மனைவி எல்லோர் முன்னாலும் டம்ளரை நீட்டினாள். "மாமா, உங்க தண்ணியில சோறு வடிச்சா ஆஸ்பத்திரி வாடை அடிக்குது." எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும்தான்.

தெருவே சேர்ந்து மனுக் கொடுத்தது. இன்ஜினியர் கூப்பிட்டுச் சொன்னார்: "கொஞ்சம் குறைச்சுக்குங்க. புகார் வரக்கூடாது, அவ்வளவுதான்."

குறைத்தேன். மறுநாள் மூடிவிட்டேன். குளோரின் வால்வைத் திருப்ப இரண்டு விரல் போதும்.

ஒரு வாரத்தில் என் அருமை தெரியும் என்று கணக்குப் போட்டேன். நடந்தது வேறு. மழைக்காலம் என்பதால் படிகாரத்தைக் கூட்டியிருந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. மளிகைக் கடைக்காரர் வழிமறித்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பத்தாங்க தண்ணி தண்ணியா இருக்கு." இருபத்தாறு வருடத்தில் முதல் பாராட்டு, வேலையைச் செய்யாததற்கு. வால்வைத் திறக்கவில்லை.

தினமும் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. பதிவேட்டில் மஞ்சள் என்று எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

ஐந்தாம் நாள் வாந்திபேதி தொடங்கியது. எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் வராந்தாவில் படுக்கவைத்தார்கள். பதினொரு பேர் போய்விட்டார்கள். ஒருத்தி தம்பி மகள், ஆறு வயது. எங்கே கண்டாலும் "பெரியப்பா, தூக்கு" என்பாள். கடைசியிலும் நான்தான் தூக்கினேன்.

ஒரு துளி விஷம்கூட நான் கலக்கவில்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், வால்வு மூடியிருந்த பத்து நாளும் என் வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். மனைவி காரணம் கேட்டாள், மழைக்காலம் என்றேன். தம்பி வீடு அடுத்த தெருதான். அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த விருந்துக்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை; கூப்பிடாத வீட்டுக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை.