கீன் பிரபு சொன்ன பதில்

டெஸ்மண்ட் கீன் பிரபு இடியப்பத்தைக் கையால்தான் சாப்பிடுவார். மொன்ட்ரியாலில் ஈழத்து ஆட்கள் கூடி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில் வழக்கறிஞராக இருந்த காலத்தில் எங்கள் ஆட்கள் பழக்கிவிட்டது. பாராட்டு விழாவுக்கு முன் மண்டபத்தின் பின்னறையில் அவர் சொதியில் குழைப்பதைப் பார்த்து, சங்கத் தலைவர் சண்முகலிங்கம் கண்கலங்கினார். "பார் பிள்ளை, லோர்ட் ஆகியும் மறக்கேல்லை மனிசன்."

அவருடைய வாழ்க்கை வரலாற்றை மேடையில் வாசித்தது நான். எழுதியதும், அவருக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான். வட அயர்லாந்தின் டெரி நகரில் ரொட்டி சுடுபவரின் மகன். அந்த வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவர். மொன்ட்ரியாலுக்கு வந்து, அகதிகளாக வந்த எங்கள் ஆட்களுக்காக வாதாடினார். அதனால் பெயர் வந்தது. பெயரால் நீதிபதிப் பதவி வந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டு லண்டனில் அரசியலுக்குப் போனார், அமைச்சரானார், இப்போது பிரபுக்கள் சபையில் இருக்கிறார். ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. நீதிபதியானதும், முன்பு யாருக்காக வாதாடினாரோ அதே சனத்தில் பலரை அவரே திருப்பி அனுப்பினார். பொன்னாடை போர்த்தும் இடத்தில் அதை யார் வாசிப்பார்கள்?

நானும் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா இன்னும் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். சட்டம் படித்துவிட்டு, மூன்று மொழியையும் வைத்துக்கொண்டு, இந்த நகரத்துப் பெரிய சட்ட அலுவலகங்களின் வரவேற்பறைகளில் இருந்து இருந்து எழும்பி வந்திருக்கிறேன். என் பெயரை உச்சரிக்கத் தெரியாமல் அவர்கள் சிரிக்கும் சிரிப்பு எனக்கு அத்துபடி. விழாவுக்கு முதல் நாள் கீன் பிரபு, "என் லண்டன் அலுவலகத்துக்கு உன்னைப் போல ஒருத்தி வேண்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாளை மேடையில் சங்கடம் எதுவும் வராதே?" என்றும் கேட்டார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

சங்கடத்தின் பெயர் றோசலின். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் இருக்கும், மன்னாரில் இருந்து வந்த அன்ரி. அவருடைய கணவர் யோசெப்பைத் திருப்பி அனுப்பத் தீர்ப்பு எழுதியவர் கீன். போனவர் ஊரில் காவலில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அன்ரியும் மகன் யதுர்ஷனும் இங்கே வந்தார்கள். அன்ரிக்கு இருக்க அனுமதி கிடைத்தது, மகனுக்குக் கிடைக்கவில்லை. அவனை லவாலில் குடிவரவுத் தடுப்பு மையத்தில் வைத்திருந்தார்கள். அடுத்த கிழமை அவனைத் திருப்பி அனுப்பும் விமானம். தகப்பனுக்கு நடந்ததைக் காட்டித் தடையுத்தரவு கேட்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

பொன்னாடை போர்த்தும் சாட்டில் பெரியவரின் காதில் குறையைப் போட்டுவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். வாய்வார்த்தை வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்ரியும் பொன்னாடையோடு வரிசையில் வந்தார். போர்த்தியதும் பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, என்ரை மனிசனை அனுப்பினது நீங்கள். அந்தாள் செத்துப்போச்சு. எனக்கு உங்களிலை கோவமில்லையெண்டு சொன்னா அது பொய். ஆனா என்ரை பிள்ளையை அனுப்ப விடாதேங்கோ."

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. நான் பிரபுவின் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "தன் குடும்பத்துக்கு நீங்கள் செய்ததை மறக்கமாட்டாராம். மகனுக்கு உங்கள் வாழ்த்து வேண்டுமாம்."

பிரபுவுக்குக் கண் நனைந்தது. "பையன் நன்றாக இருக்கட்டும்" என்றார்.

"என்ன பிள்ளை சொல்லுறார்?"

"தான் பாத்துக்கொள்ளுறாராம், அன்ரி."

படியிறங்கும்போது அன்ரி என் கையைப் பிடித்தார். "அப்ப திங்கக்கிழமை லோயரிட்டைப் போகத் தேவையில்லையோ?"

மேடையில் சொன்னதைச் சபை நாகரிகம் என்று விடலாம். இது வேறு. வழக்குப் போட்டால் யோசெப்பின் தீர்ப்பு வெளியே வரும், கீனின் பெயர் பத்திரிகையில் வரும், என் லண்டன் போய்விடும். அந்தப் படியில் நின்றே இவ்வளவையும் யோசித்தேன். படித்த மூளை வேகமானது.

"தேவையில்லை அன்ரி. லோயரைக் குறுக்காலை விட்டா லோர்ட் ஐயாவுக்குப் பிடிக்காது."

அன்ரி லோயரிடம் போகவில்லை. விமானம் கிளம்பும்வரை பிரபு நிறுத்துவார் என்றே நம்பியிருக்கிறார். கொழும்பில் இறங்கிய யதுர்ஷனை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். அதன்பின் அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். யாராவது வயதான பெண் பக்கத்தில் வந்தால் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கீன் ஒரு சனத்தின் முதுகில் ஏறி மேலே போனார். அவருக்கு மண்டபம் பிடித்துக் கைதட்டினீர்கள். நான் ஏறியது ஒருவனுடைய முதுகில்தான்.

நேற்றும் அன்ரி தொலைபேசி எடுத்தார். திட்டவில்லை. "லோர்ட் ஐயா கன வேலையுள்ள மனிசன், மறந்திருப்பார். நீ லண்டனுக்குப் போனோடனை ஒருக்கால் ஞாபகப்படுத்து பிள்ளை. உன்னை விட்டா எங்களுக்கு அவரிட்டை ஆரைத் தெரியும்?"

"ஓம் அன்ரி, கட்டாயம்" என்றேன்.

இந்த முறை நான் பொய் சொல்லவில்லை. போன புதிதிலேயே இதைக் கேட்பது அழகில்லை. அங்கே கொஞ்சம் காலூன்றிக்கொண்டதும், நல்ல நேரம் பார்த்து, அவரிடம் சொல்லத்தான் போகிறேன்.