கார்குழலி சுரை

சுரை விதைக்குச் சாம்பல்தான் நல்லது, மேடம். சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்தால் இரண்டு வருஷம் ஆனாலும் முளைக்கும். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிக் கொடுத்தது இந்தப் பிரிஸ்கில்லா.

தெருவில் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. எந்த வீட்டில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது, எந்த மருமகள் மாமியாரின் போனை எடுப்பதில்லை, எல்லாம் தெரியும். அடுத்த வீட்டுக் கார்குழலி விஷயத்தில் துருவிக் கேட்கும் சிரமமும் இல்லை. எல்லாவற்றையும் அவளே சொல்லிவிடுவாள். நான்கு வருஷத்துக்கு முன் குடிவந்தபோது அவள் வீட்டில் துணிக்கொடியைத் தவிர வேறு கொடி கிடையாது. நான்தான் என் சுரை விதையைக் கொடுத்தேன். இருபது வருஷமாக, வருஷா வருஷம் போட்டு எடுத்து நான் காப்பாற்றி வந்த விதை.

அடுத்த ஆடியில் பூங்காவில் விதைப் பகிர்வு வைத்தார்கள். அவள் காகிதப் பொட்டலங்களோடு வந்தாள். ஒவ்வொன்றிலும் ‘கார்குழலி சுரை’ என்று எழுதியிருந்தது. கை தட்டினார்கள். அவளுக்கு என் ஞாபகம் வராமல் இல்லை.

“பிரிஸ்கில்லா அக்காதான் எனக்கு ரொம்ப ஹெல்ப்பு. இந்தப் பொட்டலம் எல்லாம் அவங்கதான் மடிச்சாங்க.”

நானும் கை தட்டினேன். எனக்குக் கோபம் வருவதில்லை, மேடம். பிரஷர் மாத்திரைகூட கிடையாது.

போன வருஷம் என் கொடிகளில் ஒன்று கசந்தது. பேய்ச்சுரை. பார்வைக்கு நல்ல சுரை போலவே இருக்கும். அதனால்தான் விதைக்கு விடும் முன் பிஞ்சைச் சீவி நாக்கில் வைத்துப் பார்ப்போம். கசந்தால் கொடியைப் பிடுங்கிவிட வேண்டும். நான் அதை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிடுங்கினேன்.

இந்த ஆடியில் கார்குழலி வந்தாள். “அக்கா, எங்கூட்டு வெதயெல்லாம் பூச்சி அரிச்சிடுச்சி. உங்ககிட்ட இருக்குமா?”

இரண்டு குழிக்கு ஆறு விதை போதும். மடி நிறையக் கொடுத்தேன். மீதியை அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாதா?

அவளுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் பச்சைச் சுரைக்காயை மிக்ஸியில் அடித்து ஒரு தம்ளர் குடிப்பாள். ஐப்பசியில் முதல் காய் பறித்த அன்று, தம்ளரோடு மதிலருகே வந்தாள்.

“இன்னாக்கா, இப்படிக் கசக்குது?”

“கசந்தாதாண்டி சுகரு அடங்கும். பாவக்கா இனிக்குதுன்னா துன்ற? மூக்கப் புடிச்சிகினு குடி.”

குடித்தாள். அரை மணி நேரத்தில் வாந்தி.

“ஒடம்புல இருக்கற சர்க்கரதான் வெளிய வருது. இன்னொரு டம்ளரு குடிச்சீன்னா சுத்தமாப் பூடும்.”

“எதுக்குக்கா எனக்கு டாக்டரு, நீங்க இருக்கறப்ப” என்று சிரித்துக்கொண்டே அதையும் குடித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். அவளால் பேச முடியவில்லை. வேலையிலிருந்து ஓடிவந்த அவள் புருஷன் முகிலன் என் முகத்தைப் பார்த்தான். “இட்லி” என்றேன். அது பொய்யில்லை, இட்லியும் சாப்பிட்டிருந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

மிக்ஸி ஜாரை ஏன் கழுவி வைத்தாய் என்று கேட்கிறீர்கள். அழுக்குப் பாத்திரம் கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

கசக்கும் என்று தெரியும். கொல்லும் என்றும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் நட்டது, தண்ணீர் விட்டது, அடித்துக் குடித்தது எல்லாம் அவள்.

மீதி விதை எங்கே போனது என்று மட்டும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை. தன் வீட்டில் முளைத்த பிறகுதான் அவள் மற்றவர்களுக்குப் பொட்டலம் போடுவாள். அதனால் அந்த வீடுகளில் காய்ப்பு பதினைந்து நாள் பிந்தும். இன்று உங்கள் ஜீப்பில் வரும்போது எங்கள் தெரு சூசைநாதன் வீட்டு மதிலைப் பார்த்தேன். பாவம், அவருக்கும் சர்க்கரைதான். கொடியில் ஐந்து காய், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். பொட்டலத்தில் யார் பேர் இருந்தால் என்ன மேடம், என் கைராசிக்கு அப்படித்தான் காய்க்கும்.