இடது கைக்கு ஒரு பட்டை

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் முன்னால் இருக்கும் கோப்பைப் புரட்டிப் பாருங்கள், ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. பத்தொன்பது வருஷமாகப் பேச்சு ஆய்வுக்கூடத்தில் எனக்கு அதுதான் வேலை. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களை எதிரே உட்கார வைத்து, படம் காட்டிக் கேள்வி கேட்பேன். வாய் சொன்னதை ஒரு கட்டத்திலும் கை காட்டியதைப் பக்கத்துக் கட்டத்திலும் எழுதுவேன்.

சலூன்காரர் வந்தது போன வருஷக் கடைசியில். முப்பது வருஷம் சொந்தக் கடை நடத்தியவர். "கத்தரிக்கோல் நின்னாலும் இவர் வாய் நிக்காது தம்பி" என்று அவர் மனைவி சொன்னார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னிடம் வந்தபோது சலூன்காரர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: ஆமா. கரண்டிப் படத்தைக் காட்டி யானையா என்றாலும் ஆமா, பெயர் என்ன என்றாலும் ஆமா. வலது கை விழுந்துவிட்டது. இடது கை இருந்தது.

அந்த இடது கை இருக்கிறதே, அது லேசுப்பட்ட கை இல்லை. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் கடை. கன்னத்தைக் கிள்ளிக் காட்டினால் மகள். என் வழுக்கையைச் சுட்டிக்காட்டிக் கையை விரித்தால், உன்னால் எனக்கு வியாபாரம் கிடையாது என்று அர்த்தம். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். நானும்தான் சிரித்தேன்.

ஆனால் கையாலேயே காரியம் நடந்துவிட்டால் மூளை எதற்குச் சொல்லைத் தேடப்போகிறது? இந்தக் கவலை எனக்கு. பத்தொன்பது வருஷத்தில் புதுச் சொல் ஒன்று பிறந்து என் அறையில் நான் கேட்டதே இல்லை. பக்கத்து அறைகளில் பிறந்திருக்கிறது, கைதட்டுவார்கள், சுவர் வழியாகக் கேட்கும். அந்த ஏக்கத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பயிற்சி நேரத்தில் இடது கையை நாற்காலியோடு கட்டிவைப்பது என்று திட்டம் எழுதிக் கொடுத்தேன். மெத்தென்ற துணிப் பட்டைதான். நானே கடை கடையாக ஏறி வாங்கினேன்.

சம்மதம் வாங்காமல் செய்யவில்லை. "கையைக் கட்டலாமா அண்ணே?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். இடது கை வேண்டாம் வேண்டாம் என்று ஆடியதில் மேசைக் காகிதமெல்லாம் பறந்தது. சம்மதப் படிவத்தில் கைக்கென்று கட்டம் கிடையாது. வாய்மொழியாகச் சம்மதித்தார் என்று எழுதினேன்.

அக்காதான் தயங்கினார். "அவர் பேசறதே அந்தக் கையாலதானே தம்பி. அதையும் கட்டிட்டா எப்படி?"

"பேச்சு வரணும்னா வேற வழி இல்லக்கா. அவரே ஆமான்னுட்டாரே."

என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழு வாரம் போயிற்று. முதலில் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். நான் உள்ளே வந்ததும் கட்டிக்கொள்ளச் சொல்லி அவரே கையை நீட்ட ஆரம்பித்தார். ஒத்துழைப்பு நன்று என்று குறித்தேன்.

அந்தப் புதன்கிழமை பதினொரு மணி வாக்கில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கட்டிய கையின் விரல்கள் நெஞ்சுப் பக்கமாக வளைந்து வளைந்து இழுத்தன. படிவத்தில் உள்ளபடி, "சௌகரியமா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடிவந்து கதவைத் தட்டினார். "கையை அவுத்து விடுங்க தம்பி, அவருக்கு என்னமோ பண்ணுது." பயிற்சியின்போது கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவது வழக்கம். சன்னல் திரையையும் இழுத்துவிட்டேன்.

காரணம், அவர் வாய் மாறியிருந்தது. ஆமாவுக்கு அந்த வாய் எப்படித் திறக்கும் என்று எனக்கு மனப்பாடம். இது வேறு. தொண்டைக்குள் ஏதோ ஒரு சொல் முட்டிக்கொண்டு நின்றது. குறுக்கே புகுந்தால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கிவிட்டுக் காத்திருந்தேன். டாக்டர் கீழ்த்தளத்தில் இருந்தார், பதினெட்டுப் படி. நான்கு நிமிடம் பதினோரு விநாடி ஆயிற்று.

"கை" என்றார்.

எழுதினேன். புதுச் சொல், தானாக வந்தது, இடத்துக்குப் பொருத்தம், முழு மதிப்பெண். எழுதி முடித்துவிட்டுத்தான் பட்டையை அவிழ்த்தேன். கை நழுவித் தொங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே என்றார்.

அந்தக் கை காட்டியது புரியவில்லை என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். மனசு வரவில்லை. அந்தக் கட்டடத்தில் என்னைப் போலக் கையைப் படிக்கிறவர் ஒருத்தர் கிடையாது. நெஞ்சு வலிக்கிறது, அவிழ்த்து விடு, அவளைக் கூப்பிடு. முதல் நிமிஷத்திலேயே மூன்றும் எனக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் செத்தது என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

மறுவாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "கடைசியில பேசிட்டாருக்கா, ரொம்பத் தெளிவா" என்று சொன்னேன். அக்கா தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார். நான் படியிறங்கித் தெருவுக்கு வரும்வரை அந்தக் கையை இறக்கவே இல்லை.

நன்றி சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன்.